அத்திமூர் வரைக்கும் ஒரு ரேட்டு

பிப்ரவரி மாதம் ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் காலம். ஜமுனாமரத்தூரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் வீட்டு வாசலில், பாறை மேல், தார்ச்சாலை ஓரத்தில் புளி காய்ந்துகொண்டிருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். அதே மாதத்தில்தான் எங்கள் பள்ளி அலுவலகத்தில் வருமான வரிப் படிவங்கள் வந்து குவியும்.

அது பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. நான் அங்கே இளநிலை உதவியாளர். சம்பளப் பட்டியல் போடுவது, போளூர் கருவூலத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, விடுதிப் பிள்ளைகளின் அரிசி பருப்புக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ் எழுதுவது எல்லாம் என் தலையில். பிப்ரவரி சம்பளப் பட்டியலோடு ஒவ்வொருவரின் வரிக் கணக்கீடும் இணைந்திருந்தால்தான் பில் நகரும். வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் சுமை தெரியாது. ஆனால் பத்து மாதம் யாருக்கும் அந்த நினைப்பே வராது. கடைசியில் மொத்தமாக வந்து விழும். ‘பிப்ரவரி சம்பளம் நமக்கில்லை’ என்பது தமிழ்நாட்டு அரசு ஊழியர் குடும்பங்களில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

படிவத்தைப் போளூரில் ஜெராக்ஸ் எடுத்து வருவேன். எல்.ஐ.சி. ரசீது, ஜி.பி.எஃப்., குடும்ப நல நிதி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் வட்டி என்று ஆளாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைச் செருகிக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைப்பார்கள். வைத்துவிட்டு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “ஸ்லாப்பு மாறிடுமா?”

இந்த ஸ்லாப்பு, அதாவது வரிப் படி, மாறுகிற பயம் ஆசிரியர் அறையில் ஒரு பேய்க்கதை அளவுக்குப் பரவியிருந்தது. ஒரு இன்கிரிமென்ட் வந்து ஸ்லாப்பைத் தாண்டியதால் கையில் வாங்குவது குறைந்துபோன யாரோ ஒருவரை எல்லாருக்கும் தெரியும். அவர் எப்போதும் வேறு பள்ளியில் இருந்தார்.

2013 பிப்ரவரியில் இது பெரிதாக எழுந்தது. எங்கள் தலைமையாசிரியருக்கு ஊதிய நிர்ணய நிலுவை ஒன்று வர வேண்டியிருந்தது. அவர் வரலாற்று ஆசிரியராக இருந்து பதவி உயர்ந்தவர். பானிபட் யுத்தங்களின் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எண்களைக் கூட்டச் சொன்னால் மட்டும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குக் கழிவெல்லாம் போக அவருடைய வரிக்குரிய வருமானம் 5,03,000 ரூபாய் என்று வந்தது. அந்த வருடக் கணக்குப்படி 2 லட்சம் வரை வரி இல்லை. 2 முதல் 5 லட்சம் வரை 10 சதவீதம். 5 முதல் 10 லட்சம் வரை 20 சதவீதம்.

“அஞ்சு லட்சத்த மூவாயிரம் தாண்டிடுச்சே தம்பி. இருபது பர்சன்ட்னா ஒரு லட்சம் போயிடுமே. அந்த நிலுவையை ஏப்ரலுக்குத் தள்ளிப் போட முடியுமா பாருங்க” என்றார்.

தள்ளிப் போடத் தேவையில்லை சார் என்று சொல்லிப் பார்த்தேன். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தலையாட்டினார். ஆனால் அது, இளையவன் ஏதோ ஆறுதல் சொல்கிறான் என்பதற்கு ஆட்டிய தலை.

அந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு என்று எனக்குப் பிறகுதான் பட்டது. அரசு ஊழியர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை ஊராட்சிக்குத் தொழில் வரி கட்டுகிறார்கள். அது சம்பளத்திலேயே பிடித்தமாகும். அதில் இத்தனை முதல் இத்தனை வரை வருமானம் உள்ளவருக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. எல்லையை ஒரு ரூபாய் தாண்டினாலும் அடுத்த தொகை முழுசாக விழும். தொகை சிறியது, வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவே கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சம்பளச் சீட்டில் வரி என்ற பெயரில் அவர்கள் கண்ணில் பட்டது இப்படித் தாவுகிற வரிதான். அதைப் பார்த்துப் பழகியவர்கள் வருமான வரியும் அப்படித்தான் தாவும் என்று நினைத்ததில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் பில்லோடு போளூருக்கு இறங்கியபோது தலைமையாசிரியரும் வந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர், மடியில் கோழிக்கூடை. கண்டக்டரோடு மல்லுக்கு நின்றார். போளூரிலிருந்து அத்திமூருக்கு இவ்வளவு என்றால் ஜமுனாமரத்தூருக்குக் கிலோமீட்டர் கணக்குப்படி இவ்வளவுதானே ஆக வேண்டும், நீ என்ன கூட வாங்குகிறாய் என்பது அவர் கேள்வி. விரல் விட்டு எண்ணி, கணக்கும் சரியாகத்தான் போட்டிருந்தார்.

கண்டக்டர் பொறுமைசாலி. “பெரியவரே, அத்திமூர் வரைக்கும் ஒரு ரேட்டு. அதுக்கு மேல மலை ரேட்டு. மலை ஏறுனாத்தான் ஏத்தம். கீழ ஓடுன கிலோமீட்டருக்கு உங்ககிட்ட மலை ரேட்டா கேட்டன்?”

பெரியவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். நான் தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, “சார், அதேதான்” என்றேன்.

“எது?”

“உங்க அஞ்சு லட்சம்தான் சார் அத்திமூர். அதுக்கு மேல மூவாயிரம் ரூபா மலை ஏறியிருக்கு. அந்த மூவாயிரத்துக்கு மட்டும்தான் மலை ரேட்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ் முதல் வளைவில் திரும்பியது. பேனாவை வாங்கி, டிக்கெட்டின் பின்புறத்தில் அவரே எழுத ஆரம்பித்தார். முதல் 2 லட்சத்துக்குச் சுழி. அடுத்த 3 லட்சத்துக்குப் பத்துப் பத்தாக 30,000. மிச்சம் 3,000-க்கு 20 சதவீதம், 600. மொத்தம் 30,600. அதன்மேல் கல்வி வரி 3 சதவீதம், 918. ஆக 31,518. எழுத்து வளைவுக்கு வளைவு கோணிக்கொண்டு போனது. நிலுவை வராமலே இருந்து சரியாக 5 லட்சத்தில் நின்றிருந்தால் 30,900. வித்தியாசம் 618 ரூபாய். மூவாயிரம் வந்ததில் 618 போய் 2,382 கையில் நிற்கிறது.

“அப்ப மொத்தத்துல எவ்வளவு பர்சன்ட் கட்றேன்?” என்று கேட்டார். 5,03,000-க்கு 31,518 என்றால் நூற்றுக்கு ஆறேகால் ரூபாய். இருபது சதவீதக்காரர் என்று அவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் ஆறேகால் சதவீதக்காரர். படிப்படியாக ஏறும் வரியில் ஒருவருக்கு இப்படி இரண்டு எண்கள் உண்டு. கடைசியாக வந்த ரூபாய்க்கு விழுகிற விகிதம் ஒன்று, எல்லா ரூபாயையும் சேர்த்துப் பார்த்தால் வருகிற சராசரி இன்னொன்று. பேச்சில் எல்லாரும் முதலாவதைச் சொல்லிப் புலம்புவார்கள், கட்டுவதோ இரண்டாவதை.

நிலுவையைத் தள்ளிப் போடுகிற யோசனையிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பழைய வருடங்களுக்கு உரிய சம்பளம் ஒரே வருடத்தில் மொத்தமாக வந்தால், அந்தந்த வருடத்தில் கீழ்ப் படியிலேயே தங்கியிருக்க வேண்டிய பணம் இப்போது மேல் படியில் ஏறிவிடும். படிமுறை வரியில் மட்டுமே வருகிற சிக்கல் இது. எல்லாருக்கும் ஒரே விகிதம் என்றிருந்தால் பணம் எப்போது வந்தால் என்ன? அதற்காகவே சட்டத்தில் 89-ஆம் பிரிவு வைத்திருந்தார்கள். 10இ என்கிற படிவத்தில், நிலுவையை அது சேர வேண்டிய வருடங்களுக்குப் பிரித்துப் போட்டுக் காட்டினால் கூடுதலாக விழுந்த வரி கழிந்துவிடும். அந்தப் படிவத்தைக் கண்டாலே ஆசிரியர்கள் ஓடுவார்கள். தலைமையாசிரியருக்கு நானே போட்டுக் கொடுத்தேன். சொற்பத் தொகைதான் மிச்சமாயிற்று. ஆனாலும் சட்டம் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்பதே அவருக்கு ஆச்சரியம்.

அதற்குப் பிறகு வரியை அவர் வரலாறாக எடுத்துக்கொண்டார். மதிய இடைவேளையில் சாமைச் சோற்றுக்கு நடுவே பாடம் நடக்கும். 1857-க்குப் பிறகு கஜானா காலியானதால் லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ‘தி எகனாமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1860-ல் வருமான வரியைக் கொண்டுவந்தார். வருடத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 500 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம். அதை முதலில் எதிர்த்தவர்களில் ஒருவர் மதராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். இந்த ஜனங்களுக்குப் பழக்கமில்லாத வரி இது, செலவைக் குறைக்காமல் வரியைப் போடாதே என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அதைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டுவிட்டார். மேலிடத்துக்குக் கோபம் வந்து அவரை லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது. வில்சனும் அதே வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதியில் இறந்துபோனார். “போட்டவரும் போயிட்டாரு, எதிர்த்தவரும் போயிட்டாரு. வரி மட்டும் நம்ம ஜூனியர் மேஜை வரைக்கும் வந்து நிக்குது” என்பார் தலைமையாசிரியர். சில வருடங்களுக்குப் பிறகு அதே டிரெவெல்யன் இந்தியாவின் நிதி உறுப்பினராகவே கல்கத்தாவுக்குத் திரும்பினார் என்பதை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு குறும்பு இருக்கும்.

அவர் சொன்னதிலேயே என்னை நிமிர வைத்தது 1939. அதுவரை இந்தியாவில் படி என்றால் தாவல்தான். வருமானம் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியின் விகிதம் அடியிலிருந்து நுனி வரை மொத்தத்துக்கும். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூபாய் எட்டிப் பார்த்தால் கீழே இருப்பதெல்லாம் சேர்ந்து மேலே போய்விடும். 1936-ல் அறிக்கை கொடுத்த விசாரணைக் குழு இது சரியில்லை என்றது. 1939-ல்தான் இன்றைக்கு நாம் ஸ்லாப் என்று சொல்கிற முறை வந்தது. ஆக, எங்கள் ஆசிரியர் அறைப் பேய் ஒரு காலத்தில் உயிரோடு நடமாடியதுதான். அந்த முறை போன பிறகும் பயம் மட்டும் தாத்தா, அப்பா, மகன் என்று கைமாறி மலை ஏறி வந்திருக்கிறது.

இதே கணக்குத் தெரிந்தால்தான் 1970-களின் தொடக்கத்தில் வரி 97.75 சதவீதம் இருந்தது என்று யாராவது சொல்லும்போது பதறாமல் கேட்க முடியும். அன்றைக்கு 11 படிகள். கடைசிப் படி 2 லட்சத்துக்கு மேல், 85 சதவீதம். அதன்மேல் கூடுதல் வரி 15 சதவீதம். இரண்டும் சேர்ந்து 97.75. இரண்டு லட்சத்துக்கு மேலே சம்பாதித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இரண்டேகால் ரூபாய்தான் மிஞ்சும். அந்த உயரத்தில் ஏறியவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஏறியும் ஏறாதது போலக் காட்டிக்கொண்டவர்கள் அதைவிட நிறைய என்பது நேரடி வரிகளை விசாரித்த வாஞ்சூ குழுவின் அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் குழு சொன்ன பிறகுதான் இறக்கினார்கள். 1997-ல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்றே படியாக்கினார். இப்போது புதிய முறையில் மறுபடியும் படிகள் கூடி, 4 லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் ஒரு படி. இந்த எண்ணிக்கை விவகாரத்தில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. படி எத்தனை இருந்தாலும் கணக்குப் போடுகிறவனுக்கு ஒன்றுதான்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வேறு கேள்வி கேட்பவர். அவர் மலைக்காரர், மலையாளி பழங்குடி வகுப்பு. அதே பள்ளியில் படித்து அதே பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். ஒருநாள் செல்போனை நீட்டி, “சார், நாகாலாந்துல எஸ்.டி.க்கு வருமான வரியே இல்லையாமே. நாங்களும் எஸ்.டி.தான?” என்றார்.

இல்லைதான். 1961-ஆம் வருடச் சட்டத்தின் 10(26) பிரிவு அதைச் சொன்னது. நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா, அருணாச்சலம், மிசோரம், அசாம், மேகாலயாவில் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பகுதிகள், லடாக் ஆகிய இடங்களில் வாழ்கிற பழங்குடியினர் அங்கே சம்பாதிக்கும் வருமானத்துக்கு வரி கிடையாது. பழங்குடியாக இருந்தால் மட்டும் போதாது, வாழ்கிற மண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆறாவது அட்டவணையும் இல்லை, ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு கிராமம்கூட அறிவிக்கப்படவில்லை. கல்வராயன், ஏற்காடு, கொல்லி, ஜவ்வாது எல்லா மலைக்கும் இதே கதை. ஐந்தாவது அட்டவணை இருந்தாலும் வரிவிலக்கு வந்துவிடாது என்றும் சொன்னேன். அவர் வாதாடவில்லை. “சரி, அப்ப எனக்கும் போளூர்க்காரருக்கும் ஒரே டிக்கெட்டு” என்று சொல்லிவிட்டு எல்.ஐ.சி. ரசீதை எடுத்துக் கொடுத்தார்.

அவரிடம் சாமை, பலா, புளி என்று நிலமும் கொஞ்சம் இருந்தது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. அது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அதனால் படிவத்தில் அந்தக் கட்டத்தில் எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சம்பளக்காரருக்கு வருடத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் விகிதம் பார்ப்பதற்காக அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு இதை விளக்க எனக்கு மறுபடியும் பஸ்தான் உதவிற்று. விவசாய வருமானம் டிக்கெட் வாங்காமல் வருகிற கைக்குழந்தை. காசு இல்லை. ஆனால் கீழே ஒரு சீட்டைப் பிடித்துக்கொள்ளும். சம்பளம் அதைத் தாண்டிப்போய் மலை ரேட்டில் உட்கார வேண்டிவரும். “புளி உலுக்கினதெல்லாம் யாரு சார் எழுதி வெச்சாங்க” என்று சிரித்தார். அவர் நிலத்தில் அந்த வருடம் மிஞ்சியதைக் கணக்குப் பார்த்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மரத்தடியில் வியாபாரி கொடுக்கிற விலை அப்படி.

ஏழு வருடம் ஸ்லாப்பு மாறினாலும் ஒன்றும் ஆகாது, ஆகாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பிறகு 2020 பிப்ரவரி வந்தது.

முந்தைய வருட இடைக்கால பட்ஜெட்டில் 5 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்திருந்தார்கள். படிகளை அப்படியே விட்டுவிட்டு, 87ஏ பிரிவில் தள்ளுபடியாக அதைக் கொடுத்தார்கள். அதாவது வரிக்குரிய வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அதற்கு விழும் வரி 12,500 ரூபாய் வரை தள்ளுபடி. ஐந்து லட்சத்தை ஒரு பத்து ரூபாய் தாண்டினால் தள்ளுபடி மொத்தமும் ரத்து.

எங்கள் தமிழம்மாவுக்கு எல்லாக் கழிவும் போக 5,00,400 ரூபாய் நின்றது. 80சி பிரிவின் சேமிப்புக் கழிவும் ஒன்றரை லட்சம் நிரம்பிவிட்டது. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். வரி 12,580, அதன்மேல் கல்வி, சுகாதார வரி 4 சதவீதம் சேர்த்தால் 13,083. நானூறு ரூபாய்க்குப் பதின்மூன்றாயிரம்! “நீங்கதான தம்பி பஸ் கதை சொன்னீங்க?” என்று கேட்டார் தமிழம்மா. நியாயமான கேள்வி. ஸ்லாப் முறையில் தவறு இல்லை. அதன் தலையில் ஒரு தள்ளுபடியை வைத்து, அதைத் தாவலாக முடித்துவிட்டார்கள். 1939-ல் அனுப்பி வைத்த பேய் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு 500 ரூபாய் கொடுங்கம்மா என்றேன். அதற்கு முழுக் கழிவு உண்டு. வருமானம் 4,99,900-க்கு இறங்கியது, வரி சுழி. ஐந்நூறு ரூபாய் நன்கொடை கொடுத்துப் பதின்மூன்றாயிரம் மிச்சப்படுத்தியவர் என்று அந்த வருடம் முழுக்க ஆசிரியர் அறையில் தமிழம்மாவுக்குப் பெயர்.

2025-ல் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற அறிவிப்பு வந்தபோது எனக்கு உடனே தமிழம்மாதான் நினைவுக்கு வந்தார். அதுவும் தள்ளுபடிதான், 60,000 ரூபாய் வரை. ஆனால் இந்த முறை ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள்: 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினீர்களோ அதைவிட வரி கூடுதலாகாது. எங்கள் கணக்கு சார் இப்போது வேறு ஊரில் தலைமையாசிரியர். நிலையான கழிவு 75,000 போக அவருக்கு 12,10,000. அவரே கணக்குப் போட்டுவிட்டுப் போன் செய்தார். படிப்படியாகப் போட்டால் 61,500 வரவேண்டிய வரி, தாண்டியது 10,000 என்பதால் 10,000-தான். அதன்மேல் 4 சதவீதம் 400. “பத்தாயிரம் கூட சம்பாதிச்சு பத்தாயிரத்து நானூறு கட்றேன் சார். நூத்துக்கு நூத்திநாலு பர்சன்ட். எழுபதுகள்லகூட இப்படி இல்ல” என்று சிரித்தார். 12,70,588 ரூபாய் வரை இந்தக் கூத்து. அதற்கு மேல் எல்லாம் ஒழுங்காக ஓடும் என்பதையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஓய்வுநேரத்தில் பிள்ளைகளைக் காவலூர் வானோக்கு நிலையத்துக்குக் கூட்டிப்போய், அங்கே 1988-ல் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்த கதையைச் சொல்கிறவர் அவர். அந்தப் பெரிய தொலைநோக்கி நம் வரிப்பணம்டா என்று சேர்த்துச் சொல்லுவாராம்.

நான்கு லட்சக்காரருக்கும் பன்னிரண்டு லட்சக்காரருக்கும் இத்தனை யோசித்துப் படி கட்டுகிறவர்கள், அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு 2022-ல் விடுதிச் சமையலர் அக்காவால் தெரிந்தது.

அக்கா மலைக்காரர். கணவர் இல்லை. மூத்த பெண் கீழே ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம். பழங்குடி மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித்தொகையில் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கொரோனாவால் நிறுத்தி வைத்திருந்த அகவிலைப்படியைத் தமிழக அரசு 2022 ஜனவரி முதல் 17 சதவீதத்திலிருந்து 31 ஆக உயர்த்தியது. அன்றைக்குச் சமையல்கட்டில் எல்லாருக்கும் கேசரி கிண்டியவர் அக்காதான். அவருக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஏறிற்று. வருடக் கணக்கில் அது அவரை இரண்டரை லட்சத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தது.

புதுப்பிக்க வருமானச் சான்று வேண்டும் என்று சம்பளச் சான்று கேட்டு என் மேஜைக்கு வந்தார். நான் அந்தத் தொகையை எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வருமான வரிக் கணக்கில் அவர் பக்கத்தில்கூட வரமாட்டார். அப்போது 5 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது. உதவித்தொகைக் கணக்கில் அவர் வசதியானவர் ஆகிவிட்டார். கூடுதலாக வந்தது இருபத்தேழாயிரம். போனது கல்லூரிக் கட்டணம் மொத்தமும், விடுதிப் படியும். அங்கே அத்திமூர் வரை ஒரு ரேட்டு, அப்புறம் மலை ரேட்டு என்ற பேச்சே இல்லை. எல்லையைத் தாண்டினால் இறக்கி விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் மகளிர் உரிமைத்தொகை வந்தபோதும் அதே இரண்டரை லட்சம், அதே மாதிரிக் கோடு. இந்தக் கோட்டைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டால் என்ன, தாண்டியவருக்குத் தாண்டிய அளவுக்கு மட்டும் குறைத்தால் என்ன என்று எந்த விசாரணைக் குழுவும் உட்கார்ந்து பேசியதாக நான் படித்ததில்லை.

“இந்த பில்லு போடறதுக்கு முன்னாடி, எனக்கு மட்டும் அந்த ஏத்தம் வேணாம்னு எழுதித் தர முடியுமா தம்பி?” என்று கேட்டார் அக்கா.

முடியாது. அகவிலைப்படியை வேண்டாம் என்று சொல்ல விதியில் இடமில்லை.

கடைசியில் போளூரில் ஒரு வங்கியில் கல்விக் கடன் வாங்குவதென்று முடிவாயிற்று. விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும் 80இ பிரிவில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று பழக்கதோஷத்தில் சொல்ல வாயெடுத்தேன். வரியே கட்டாதவருக்கு அந்தக் கழிவை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. ஆண்டு வருமானம் என்ற கட்டத்தைக் காட்டி, இதில் எவ்வளவு எழுத வேண்டும், கூட்டியா குறைத்தா என்று கேட்டார் அக்கா. கடனுக்குக் கூடுதலாக இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் இருப்பதையே எழுதினோம்.